கிளச் மேல் பழி

"ஹேண்ட்பிரேக் போட்டாச்சா மாமா? மூணாவது கியர்ல போட்டு, கிளச்ச மெதுவா விடுங்க."

சோலைமலை விட்டார். பிரேக் போட்டு நிற்கிற கார் இந்த நேரத்தில் ஓர் உதறு உதறி அணைந்துபோக வேண்டும். இந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினோ கவலையே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா? கிளச்சு புடிக்கவே இல்ல. வழுக்குது" என்றாள் நிலக்ஷி.

"அதான் காலையிலயே மோந்து பாத்துச் சொன்னேனே. தட்டு கருகிருச்சு. புதுசு ஒண்ண மாட்டி விட்டா வேலை முடிஞ்சுது. அந்த வெள்ளை வண்டிக்கு வேற ஆயில் மாத்தணும்."

மூலையில் தார்ப்பாய்க்குள் ஒரு பழைய வெள்ளைக் கார் முகம் நசுங்கி நின்றது. நிலக்ஷி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

வருடப் பிறப்புக்காக ஹட்டன் டவுனே பூட்டிக் கிடந்தது. கராஜ் ஆட்களெல்லாம் தேயிலைத் தோட்டத்து வீடுகளுக்குப் போய்விட்டார்கள். சோலைமலையும் அவருடைய அக்கா மகள் நிலக்ஷியும் மட்டும்தான் மிச்சம். மறுநாள் நுவரெலியாவில் மலையேற்றக் கார்ப் பந்தயம். நிலக்ஷி அதில் கார் ஓட்டுகிறாள். நல்ல நாளும் அதுவுமாக, மூலிகை மருத்துநீர் வைத்து முழுகிய தலையோடு அவள் காருக்கு அடியில் கிடந்தாள்.

இருவரும் மல்லுக்கட்டி கியர் பெட்டியைக் கீழே இறக்கினார்கள். நிலக்ஷி பழைய கிளச் தட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"மாமா, இந்தப் பக்கம் ரிவெட் தெரியிற அளவுக்குத் தேஞ்சிருக்கு. அந்தப் பக்கம் அப்பிடியே இருக்கு. இது கருகினதோட போற வியாதி இல்ல. கியர் பெட்டி கோணலா உட்காந்து ஓடியிருக்கு."

"கோணலோ நேரோ, புதுத் தட்டு நாளைக்கு ஒரு நாள் தாங்கும் புள்ள."

"தாங்காம பாதி ஏத்தத்துல வழுக்கினா?"

சோலைமலை டார்ச்சை எடுத்து அவளிடம் நீட்டினார்.

அவள் டார்ச்சை அடித்துத் தேடினாள். எஞ்சினையும் கியர் பெட்டியையும் நேராகப் பிடித்து நிறுத்த இரண்டு இரும்பு முளைகள் இருக்க வேண்டும். ஒன்றைக் காணவில்லை.

"எவனோ அவசரத்துல மாட்டாம விட்டுட்டான். உங்க பழைய சாமான் பெட்டியக் கொட்டுங்க மாமா."

"இன்னைக்கா? கொட்டினா யாரு அள்றது?"

"நான் அள்றேன்."

பெட்டியில் கிடைத்த ஓர் இரும்புத் துண்டை அரத்தால் ராவினாள். துளையில் வைத்துப் பார்த்தாள், மறுபடி ராவினாள். சிக்கென்று உட்காரும்வரை விடவில்லை. அடுத்து, புதுத் தட்டை நடு மையத்தில் நிறுத்த வேண்டும். லொறிகளுக்கு அதைக் கண் மட்டத்திலேயே செய்து பழகிய சோலைமலை கையை நீட்டினார்.

"கண் மட்டமெல்லாம் லொறிக்கு. நகருங்க" என்று அவரை ஒதுக்கினாள். தேயிலைக் கட்டையில் செதுக்கி வைத்திருந்த கோலைத் தட்டின் நடுத் துளையில் செருகி, அது ஆடாமல் நின்ற பிறகுதான் போல்ட்டுகளை இறுக்கினாள்.

சோலைமலைக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏன் புள்ள உனக்கு இந்த வீம்பு? வீட்டுல உங்கம்மா பலகாரத்த வச்சுக்கிட்டுக் காத்துக்கிட்டு இருக்கா. போன வருஷம் நடந்ததையே இன்னும் நெனச்சுக்கிட்டு இருக்கியா?"

"எப்பிடி மாமா மறக்கிறது? பந்தயம் முடிஞ்சு ஒரு வருஷம் ஆச்சு. டீக்கடையில, சலூன்ல, பஸ் ஸ்டாண்டுல, எங்க போனாலும் கிளச்சுக் கதைதான். 'கிளச்சு வழுக்கிருச்சாம்ல' அப்பிடின்னு சொல்லிட்டு என்னப் பாத்து ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பப் பாத்தாலே ஒடம்பெல்லாம் எரியுது எனக்கு."

"ஊரு நாலு பேசும். நீ காதுல போட்டுக்காத."

"போட்டுக்கத்தான் செய்வேன். நாளைக்கு இந்தக் கார் அடியிலருந்து உச்சி வரைக்கும் ஒரே புடியா ஏறணும். கிளச்சு மேல பழி போட ஒருத்தருக்கும் வாய் வரக் கூடாது."

ஊர் வாய்க்கு அவல் கிடைத்தால் லேசில் விடுமா? ஒரு வருடமாக மென்றும் அது தீரவில்லை. அந்த ஆத்திரத்தையெல்லாம் கடைசி போல்ட்டில் காட்டி இறுக்கினாள் நிலக்ஷி. கியர் பெட்டி மேலே ஏறியது. முளைகள் இரண்டும் நேராகப் போய் உட்கார்ந்தன.

இந்த முறை அவளே சீட்டில் ஏறினாள். ஹேண்ட்பிரேக், மூன்றாவது கியர். கிளச்சை விட்டாள்.

கார் ஓர் உதறு உதறி அப்படியே அணைந்தது.

"அப்பிடிப் போடு!" என்று தன்னை மறந்து கத்திய சோலைமலை, உடனே முகத்தைச் சுளித்துக்கொண்டார். "கடைசியில சாதிச்சுட்ட. இதுக்கு நாளைக்கு நீதான் அனுபவிக்கப் போற."

"அனுபவிக்கிறேன் மாமா" என்று சிரித்தாள் அவள்.

அந்நேரம் வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. பஜார் துணிக்கடைக்காரர் மகன் கஜேந்திரன், புது வேட்டியும் பட்டுச் சட்டையுமாக இறங்கி வந்தான்.

"என்ன நிலக்ஷி, நல்ல நாள்ல ஒங்களுக்குத் தொந்தரவு குடுத்துட்டேன். வேற கராஜ் ஒண்ணும் தொறக்கல. வேலை முடிஞ்சுதா?"

நிலக்ஷி கிரீஸ் கையைத் துடைத்துவிட்டு, சிவப்புக் காரின் சாவியை அவன் உள்ளங்கையில் வைத்தாள். பிறகு மூலைக்குப் போய், தன் வெள்ளைக் காரின் தார்ப்பாயை உருவி எறிந்தாள்.

"ஒங்க கிளச்சு இனி வழுக்காதுங்க. போன வருஷம் மாதிரி நாளைக்கும் என்கிட்ட தோத்தீங்கன்னா, ஊருக்குச் சொல்ல வேற காரணம் தேடிக்கங்க."