மணையில் ஒரு மாப்பிள்ளை

பாயா ரும்புட் கோயில் மண்டபத்தில் மேளம் காதை அடைக்கிறது. ஓமப்புகை விசிறிக் காற்றில் சுழன்று கண்ணைக் கரிக்கிறது. மணையில் சம்மணமிட்டிருக்கும் யுகேந்திரனின் பட்டுச் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது. இடது முழங்காலை நகர்த்துகிறான், பல்லைக் கடிக்கிறான், மறுபடி நகர்த்துகிறான். போன வாரம் கிளேபாங்கில் ஒரு வாடகை அறையில், டாக்டரே அல்லாத ஒருவன், ஆணுறுப்பைப் பெரிதாக்கும் என்று சொல்லி ஊசியில் ஏற்றிய ஃபில்லர் ஜெல் வேட்டிக்குள் வீங்கிக் கொதிக்கிறது. காலையில் பார்த்தபோது தோல் கறுத்திருந்தது. அந்த அறைக்குக் கூட்டிப் போன கணேஸ்வரன்தான் இப்போது மாப்பிள்ளைத் தோழன். அவன் குனிகிறான். "தாலி கட்டுற வரைக்கும் தாங்கு லா, மச்சான். பனடோல் மாத்திரை போட்டல்ல?"

"காய்ச்சல் ஏறுதுடா. நுனியெல்லாம் மரத்துப் போச்சு."

தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்காகச் சபைக்குள் போகிறது. மஞ்சள் அரிசி கைக்குக் கை மாறுகிறது. பக்கத்தில் மணப்பெண் தாரணி, குனிந்த தலை நிமிராமல், உதட்டை மட்டும் அசைக்கிறாள். "ஏன் இப்படி நடுங்குறீங்க? என்னைப் பிடிக்கலையா?"

அதற்குமேல் அவனால் மறைக்க முடியவில்லை. ஊசி போட்ட கதையை அவள் காதோரம் சொல்லிவிடுகிறான்.

அவள் சிரிக்கவில்லை. "நான் கேட்டேனா?" என்கிறாள், மெதுவாக. தட்டு கடைசி வரிசையைத் தொட்டுத் திரும்புகிறது. தவில்காரர் கெட்டிமேளத்துக்குக் கோலை ஓங்கும்போது தாரணி எழுந்து நிற்கிறாள்.

"அப்பா, கார் சாவியக் குடுங்க. இவர ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்."

மேளம் நிற்கிறது. மண்டபமே பார்க்கிறது. மருதாணிக் கையை அவன் பக்கம் நீட்டுகிறாள்.

"தாலி எங்கயும் ஓடிப் போகாது. எந்திரிங்க."