வெறும் வயிறு

"நெஜமாச் சொல்லுங்க ஐயா, வயித்துல ஒண்ணும் இல்லையே?"

லொரேன் மூன்றாவது முறையாகக் கேட்டாள். ஆபரேஷன் மேஜையில் மல்லாந்து கிடந்த வெர்லின் கிழவர் கூரையைப் பார்த்துச் சிரித்தார்.

"அட, எத்தனை தடவை கேப்பே கண்ணு? நேத்து சாயங்காலம் போன்ல நீதானே சொன்னே? 'டின்னரோட நிறுத்திக்குங்க, அதுக்கப்புறம் ஒரு வாய் கூடாது'ன்னு. அப்படியே செஞ்சேன். டின்னருக்கு அப்புறம் பச்சைத் தண்ணி கூடப் பல்லுல படலை."

லொரேன் மயக்க மருந்து கொடுக்கும் நர்ஸ். பாஸ்டனில் வருஷக்கணக்காக இதே வேலை பார்த்தவள்தான். ஆனால் அங்கே சின்னச் சந்தேகம் வந்தாலும் கூப்பிட்ட குரலுக்கு ஒரு டாக்டர் ஓடி வருவார். பேரிலேயே 'ஐயோ' இருக்கும் இந்த ஐயோவா மாநிலத்தில், சோளக்காட்டுக்கு நடுவே இருக்கும் இந்தச் சின்ன ஆஸ்பத்திரியில், நோயாளியைத் தூங்க வைக்கவும் எழுப்பவும் அவள் ஒருத்திதான். இங்கே நர்ஸே தனியாகச் செய்யலாம் என்று சட்டம் சொல்லிவிட்டது. சட்டத்துக்கு என்ன, சொல்லிவிட்டுப் போய்விடும். நேற்றுதான் ஊருக்கு வந்து சேர்ந்தாள். ஆபரேஷன் அறையில் இன்றுதான் அவளுக்கு முதல் நாள், கிழவர்தான் முதல் ஆள்.

மயங்கிக் கிடப்பவரின் வயிற்றில் சாப்பாடு இருந்தால் அது மேலே ஏறும், நுரையீரலுக்குள் இறங்கும். அப்புறம் ஆளை எழுப்புவது கடவுள் கையில்.

"என்ன லொரேன், இன்னும் பேட்டி முடியலையா?" கையுறை மாட்டிக்கொண்டே உள்ளே வந்தார் சர்ஜன் ஹென்ரிக்ஸ். "ரெண்டு வாரத்துக்கு ஒரு மத்தியானம்தான் இந்த ஊருக்கு வர்றேன். இவரு குடலிறக்கத்தை முடிச்சுட்டு, இருட்டறதுக்குள்ள நான் ஒமாஹா போய்ச் சேர வேண்டாமா?"

"ஒரே நிமிஷம் டாக்டர்."

மூச்சுக் குழாயைத் திரும்பவும் சரிபார்த்தாள். உறிஞ்சும் கருவியைப் போட்டுப் பார்த்தாள், உறிஞ்சியது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் மனசுக்குள் ஏதோ பிராண்டிக்கொண்டே இருந்தது.

"பசி மயக்கம் ஏதாவது இருக்கா ஐயா?"

"பசியா? எனக்கா?" கிழவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "நல்லா தெம்பாத்தான் இருக்கேன். நீதான் அந்தக் குழாயையே தடவிக்கிட்டு நிக்கறே. இதென்ன கூத்து! கத்திக்குப் படுத்திருக்கிறது நான், பயப்படறது நீயா?"

சர்ஜனும் சிரித்துவிட்டார். லொரேனுக்குக் காது மடல் சுட்டது. சே, முதல் நாளே மானம் போகிறதே! பாவம், வயசான காலத்தில் பட்டினி கிடக்கிற மனுஷரை எவ்வளவு நேரம்தான் காக்க வைப்பது? துணிந்து, கிழவரின் கை நரம்பில் ஏறும் குழாயில் மருந்து ஊசியைப் பொருத்தினாள்.

"சரி ஐயா, தூங்க வைக்கப் போறேன். மனசுக்குப் பிடிச்சதா ஏதாவது பேசிக்கிட்டே இருங்க."

"பேச எனக்குச் சொல்லியா தரணும்? என் வீட்டுக்காரி போட்ட டின்னரைப் பத்திச் சொல்றேன், கேளு. ஆபரேஷனுக்குப் போற மனுஷன்னு ஒரு பிடி பிடிக்க வெச்சுட்டா. வறுத்த மாட்டுக்கறி, மசிச்ச உருளைக்கிழங்கு, அது மேல கெட்டியாக் குழம்பு, வெண்ணெய் தடவின சோளம். போதும்டீன்னாலும் விடலை, கடைசியா இனிப்புக்கு ஆப்பிள் பை ரெண்டு துண்டு!"

"அம்மாடி! இவ்வளவையும் தின்னுட்டு ராத்திரி எப்படித்தான் தூங்கினீங்க?" என்றபடி ஊசியின் பின்புறம் கட்டைவிரலை வைத்தாள் லொரேன்.

"ராத்திரி யாரு கண்ணு டின்னர் சாப்பிடுவா? ராத்திரி சாப்பிட்டா அதுக்குப் பேரு சப்பர். உச்சி வெயில்ல சாப்பிடறதுதானே டின்னர்? இன்னைக்கு அதை முடிச்ச கையோட, வாயைத் துடைச்சுக்கிட்டு நேரா இங்கதான் வர்றேன்!"