ஆறரை மணி ரொட்டி

"கதவைத் திறய்யா, வைசேயா! படகு போயிடப் போகுது!"

ஓவலாவ் தீவின் படகுத்துறை முழுக்க ரொட்டி வாசனை. கடலும் மலையும் பனிக்குள் பாதித் தூக்கத்தில் கிடந்தன. வைசேயாவின் கடை மட்டும் திறக்கிற வழியாக இல்லை.

வரிசையில் நின்ற லைசானிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

புயலில் நொடித்துப்போன சின்னக் கடைகளை நிமிர்த்த தலைநகர் சுவாவிலிருந்து வந்தவள் அவள். எந்தக் கடை எந்தக் கடையைத் தாங்குகிறது என்று வட்டமும் அம்புக்குறியுமாகப் படம் போட்டுத்தான் எதையும் முடிவு செய்வாள். அவள் எழுதிக் கொடுத்தால் வைசேயாவுக்குப் புது அடுப்பு. இருப்பது புயலில் விரிசல் விட்டு, இன்றோ நாளையோ என்றிருந்தது.

பின்பக்கமாக உள்ளே போனாள். ரொட்டிகள் வெந்து, அடுக்கி, ஆறிக்கொண்டிருந்தன. வைசேயா ஜன்னல் வழியே எதையோ பார்த்தபடி காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணா இது? மணி ஆறு, ரொட்டியும் தயார். அப்புறம் எதுக்கு தினம் ஆறரைக்குத் திறக்கறீங்க?"

"பழகிப்போச்சும்மா."

"ஜனங்க திட்டறது காதுல விழலியா?"

"நல்லாவே விழுது." சிரித்தார்.

"ஆறு மணிக்குத் திறங்க. இல்லேன்னா அடுப்புக்கு நான் எழுத முடியாது."

சிரிப்பு நின்றது. விரிசல் விட்ட அடுப்பை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"அப்போ வேணாம்மா. இதை வச்சே ஓட்டிக்கறேன்."

என்ன திமிர்! லைசானி விடுவிடுவென்று வெளியே வந்தாள்.

"அந்தச் சோம்பேறிகிட்ட எதுக்கு மல்லுக்கட்டறே தங்கச்சி? இந்தா, இதைக் குடி."

எதிரே மரத்தடியில் எலுமிச்சை இலைத் தேநீர் விற்கும் விலிமைனா கோப்பையை நீட்டினாள். புயலுக்குப் பிறகு அவளுக்கு மிஞ்சியது நாலு பிள்ளைகளும் அந்த ஒரு கெட்டிலும்தான்.

காத்திருந்த அத்தனை பேர் கையிலும் அவள் கோப்பை. ஆவி மெல்ல எழுந்து பனியோடு கலந்தது. லைசானியின் கோபம்கூட அதில் கொஞ்சம் கரைந்துபோனது.

"ரொட்டி கையில வந்தா இங்க எவன் நிப்பான்? நேரே படகுதான்," என்று பக்கத்தில் ஒருவர் தேநீரை ஊதிக்கொண்டே முனகினார்.

விலிமைனா கடைசிக் கோப்பையையும் ஊற்றிவிட்டு, கெட்டிலைக் கவிழ்த்து வைத்தாள்.

எதிரே கடகடவென்று கதவு உயர்ந்தது.

"அப்பாடா, துரைக்கு இப்பத்தான் விடிஞ்சுதாம்!"

எல்லாரையும்விடச் சத்தமாகத் திட்டியவள் விலிமைனாதான்.

லைசானி பரிந்துரைக் காகிதத்தை எடுத்தாள். 'புது அடுப்பு அவசியம்' என்று எழுதினாள். கடை திறக்க வேண்டிய நேரம் என்ற இடத்தில் ஏற்கெனவே போட்டிருந்த 'ஆறு மணி'யை அடித்துவிட்டு எழுதினாள்:

'எதிர்க்கடைக் கெட்டில் கவிழ்ந்ததும்.'