இன்றைய சொல்

செருப்பைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் அவர் நாற்காலியில் சாய்ந்தார். மனைவி டீயை நீட்டியபடி வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

"இன்னைக்கு என்ன வார்த்தை?"

இருபது வருஷமாக அகராதிக்குப் பொருள் எழுதி வந்தவர் அவர். அன்றன்று எழுதியதில் ஒரு சொல்லை மாலையில் அவளிடம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் டீ கிடையாது.

"தீர்க்கதரிசனம்."

"அப்படின்னா?"

"வடமொழியிலேருந்து வந்தது. தீர்க்கம்னா நீளம், தரிசனம்னா பார்வை. நடக்கப் போறதைத் தொலைவுலேயே பார்த்துடுறது." ஒரு வாய் குடித்தவர் முகம் சுளித்தார். "என்ன, சர்க்கரையே இல்ல?"

"ஒரு வாரமாவே பாதிதான் போடுறேன். இன்னைக்குத்தான் உறைச்சுதா?" அவள் எதிரே உட்கார்ந்தாள். "ஆபீஸை மூடிட்டாங்களா, இல்ல உங்களை மட்டும் அனுப்பிட்டாங்களா?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "மூடிட்டாங்க... யார் சொன்னா?"

"நீங்கதான். போன வாரம் 'நிலவறை'ன்னு சொன்னீங்க. மறுநாள் 'தாழ்வாரம்'. இன்னைக்கு இது. ந-வுக்குப் போன அகராதி திரும்பி த-வுக்கு வருமா?"

அவர் குனிந்து செருப்பைக் கழற்ற ஆரம்பித்தார்.

"நீங்களே சொல்வீங்கன்னு பார்த்தேன். சரி, விடுங்க. திங்கட்கிழமையிலேருந்து நான் மருந்துக்கடை வேலைக்குப் போறேன். நீங்க நாளைக்கும் பார்க் பெஞ்சுல போய்க் காயாம, வீட்டுலயே படுத்துத் தூங்குங்க."

"பார்க்குன்னு உனக்கு எப்படி..."

"அதுக்குத் தொலைவுல பார்க்கணுமா? தினம் உங்க சட்டை முதுகு பூரா பச்சைப் பெயின்ட். துவைக்கிறது யாரு?"