சட்டைப் பையில் கிராம்பு

அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். அவர். மனைவி வடிவு. ஆறு மாத வயிற்றோடு மகள் மங்கை. மங்கையின் மாமியார் ஆவுடையம்மாள். மேசைக்கு அப்பால் டாக்டர் ஜெசிந்தா.

ஆவுடையம்மாளை யாரும் அழைக்கவில்லை. சம்பந்திக்கு உடம்பு சரியில்லை என்றால் கூடப் போவதுதான் முறை என்று காரில் ஏறிவிட்டார். முறை என்று வந்தவரை வெளியே உட்காரச் சொல்ல யாருக்கு வாய் வரும்.

அவர் நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்திருந்தார். அவர் எதிலும் சாய்ந்து யாரும் பார்த்ததில்லை. தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்த காலத்திலும் அப்படித்தான். கோயில் கமிட்டிக் கூட்டத்திலும் அப்படித்தான்.

டாக்டர் நிதானமாகச் சொன்னார்.

அவருடைய சிறுநீர்ப்பைக் கட்டியிலிருந்து சுரண்டி எடுத்த துணுக்கை மூலக்கூறு மூலக்கூறாகப் படித்துப் பார்த்திருக்கிறார்கள். மரபணுவில் எங்கெங்கே மாறியிருக்கிறது என்று தெரிந்தால், கட்டி எந்த வகை, எந்த மருந்துக்கு அடங்கும் என்று ஓரளவு சொல்லலாம். மாறியிருந்த இடங்களில் ஒன்று டாக்டரை யோசிக்க வைத்திருந்தது. அது இடையில் வந்த மாற்றமாக இருக்கலாம். பிறவியிலேயே ரத்தத்தோடு வந்ததாகவும் இருக்கலாம்.

சாயப்பட்டறையில் வேலை பார்த்ததுண்டா என்று கேட்டார். இல்லை என்றார்.

புகை பிடிப்பதுண்டா என்று கேட்டார்.

"கிடையாது."

சொல்லிச் சொல்லிப் பழகிய சொல். யோசிக்காமல் வந்தது. வெற்றிலைகூடப் போடாத குடும்பம் என்று இந்தச் சொல்லை நம்பித்தான் ஆவுடையம்மாள் பெண் எடுத்தார். அதை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்ததும் அந்த அம்மாள்தான்.

சாயமும் இல்லை, புகையும் இல்லை என்றால் குடும்பவழியை முதலில் பார்த்துவிடுவது நல்லது என்றார் டாக்டர். முதலில் அப்பாவின் ரத்தம். அதில் இருந்தால் மகளுக்கும்.

ஆவுடையம்மாளின் பார்வை மங்கையின் வயிற்றுக்குப் போனது.

அங்கேயே நின்றது.

மங்கை முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

அவர் அதைப் பார்த்தார். வாயைத் திறந்தார். இத்தனை வருடம் காத்து வந்த அந்த ஒற்றைச் சொல் இன்னொரு சொல்லுக்கு வழி விடவில்லை.



"அவுகளுக்கு மறதி, டாக்டரம்மா" என்றாள் வடிவு. "கல்யாணத்துக்கு முந்தியே பிடிச்ச சிகரெட்டு. இன்னைக்குக் காலையிலகூட பம்பு ரூமுக்குப் பின்னால ஆச்சு. எழுதிக்கிடுங்க."

பால்காரரிடம் கணக்குச் சொல்லும் குரல். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

பிறகு ஆவுடையம்மாள் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"ரத்தத்தையும் எடுத்துப் பாக்கட்டும், மதினி. எங்க வீட்டு ரத்தத்துக்கு நான் பொறுப்பு."

ஆவுடையம்மாள் வயிற்றிலிருந்து கண்ணை எடுத்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் ஜன்னலில் வைத்தார்.

டாக்டர் எழுதிக்கொண்டார்.

அவர் கை தன்னால் சட்டைப் பைக்குப் போனது. இரண்டு கிராம்பு. விரலில் தட்டுப்பட்டது.

கல்யாணமான புதிதில், வாயில் சிகரெட் வாடையை மறைக்க எதுவும் கிடைக்காத ஒரு நாளில், கடைவாய்ப் பல் வலிக்கிறது, கிராம்பு இருந்தால் தேவலை என்று வடிவிடம் சொல்லியிருந்தார். மறுநாள் முதல் சலவைச் சட்டையின் பையில் இரண்டு கிராம்பு இருந்தது. பிறகு அந்தப் பல் நிஜமாகவே வலித்து, அதைப் பிடுங்கியும் ஆயிற்று. மங்கை அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள்.

பல் போன பிறகும் கிராம்பு நிற்கவில்லை.

அவர் ஒரு நாளும் ஏன் என்று யோசித்ததில்லை.

வடிவைத் திரும்பிப் பார்த்தார். அவளும் நாற்காலியில் சாயாமல்தான் உட்கார்ந்திருந்தாள். அதையும் அவர் இதற்கு முன் கவனித்ததில்லை.

காரில் திரும்பும்போது, கயத்தாறு தாண்டியதும் வடிவு தூங்கிவிட்டாள். தலை அவர் தோளில் சரிந்தது. சம்பந்தி பக்கத்தில் இருக்கிறார் என்று அவருக்குத் தெரியும்.

தோளை நகர்த்தவில்லை.

ரத்தம் பார்த்த முடிவு வந்தது. மாற்றம் கட்டியோடு சரி. ரத்தத்தில் இல்லை. மகளுக்கு எதுவும் பார்க்க வேண்டியதில்லை என்று டாக்டரே போனில் சொன்னார். கட்டிக்குச் சிகிச்சை தொடங்கியது. முடிவு வந்த அன்று சாயங்காலமே ஆவுடையம்மாள் போனில் பேசினார். வளைகாப்புக்கு நாள் பார்த்தாகிவிட்டதாம். மங்கைக்கு என்ன நிறத்தில் பட்டு பிடிக்கும் என்று கேட்டார்.

வடிவு அதற்கு மட்டும் பதில் சொன்னாள். வேறு எதையும் சொல்லிக்காட்டவில்லை.

நோய்க்குப் பயந்துதான் அவர் சிகரெட்டை விட்டுவிட்டார் என்று சம்பந்தி வீட்டில் இன்றும் சொல்லிக்கொள்கிறார்கள்.

விட்டது நிஜம். காரணம் அது இல்லை.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய மறுநாள் காலை, சலவைச் சட்டையின் பையில் கிராம்பு இல்லை.