கசிந்த பெயர்

கசிந்த தகவலை வைத்திருந்தாலே சிறை என்று சட்டம் வந்த பிறகும், வசுமதி ஒரு கணினிக் கோப்பை மட்டும் அழிக்கவில்லை. ஏதோ ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்திலிருந்து, ஆட்களின் முழு மருத்துவ வரலாற்றோடு கசிந்தது அது. அவள் மகள் இதழினிக்கு எலும்பு மஜ்ஜை பொருந்தக்கூடிய ஒரே ஆள், திண்டுக்கல் அருள்ஜோதி, அதில்தான் இருந்தார்.

கணவன் தடுத்தும் கேட்காமல் அவரைப் போனில் அழைத்து விஷயத்தைச் சொன்னாள்.

"என் ரத்தத்தப் பத்தி உங்களுக்கு யாரும்மா சொன்னது?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. உள்ளதைச் சொன்னாள்.

"அதுல என்னைப் பத்தி வேற என்ன இருக்கு?"

வசுமதி கோப்பைப் பார்த்துப் படித்தாள். "மனநல வார்டுல ரெண்டு தடவ இருந்தீங்கன்னு போட்டிருக்கு சார்."

"அது என் வீட்டுக்காரிக்கே தெரியாதும்மா." அவர் குரல் உடைந்தது. "மொதல்ல அத அழிங்க. நான் யோசிக்கணும்."

மகள் இருந்த ஆஸ்பத்திரியின் பெயரையும் மகளின் பெயரையும் சொல்லிவிட்டு, கோப்பையும் அவர் எண்ணையும் சேர்த்தே அழித்தாள்.

"இனிமே அந்த ஆள எங்கன்னு போய்த் தேடுவ?" என்று கணவன் தலையில் அடித்துக்கொண்டான்.

அதன்பின் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டாலே போலீஸ் என்று பதறினாள். வந்தது போலீஸ் இல்லை. ஒரு காலை, வார்டு வாசலில் மெலிந்த மனிதர் ஒருவர் வந்து நின்று இதழினியின் பெயரைச் சொன்னார். குரலை வைத்துத்தான் வசுமதி அவரை அறிந்தாள்.

நர்ஸ் நிமிர்ந்தாள். "யாரு சொல்லி வந்தீங்க? பொண்ணுக்கு நீங்க என்ன வேணும்?"

கோப்பின் பேச்சு வந்தால் சிறைதான் என்று வசுமதி எழுந்து நின்றாள்.

"தாய்மாமன்," என்றார் அருள்ஜோதி. "எனக்கு யாரும்மா சொல்லணும்?"