வாரம் ஒரு படம்

"அந்த மஞ்சள் ஸ்வெட்டரைக் கழட்டு சோயுல். நீலக் கோட் போட்டுக்கிட்டு ரோஜாத் தோட்டத்துக்கு ஓடு. மழை வந்து தொலைக்கப் போகுது!" யுன்ஜங் மகளை விரட்டினாள்.

இங்கிலாந்தின் அந்தப் பழைய கோட்டையில் சுற்றிப் பார்க்க வந்த மற்றவர்கள் புல்வெளியில் சாவகாசமாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"கோட்டை வாசல்ல ஒண்ணு, குளத்துப் பக்கம் ஒண்ணு, ஆட்டு மந்தையோட ஒண்ணு எடுத்தாச்சு. ஒரே நாள்ல எத்தனை டிரெஸ்தாம்மா மாத்துறது? எல்லாரும் நம்மளையே பாக்கறாங்க."

"பாத்துட்டுப் போகட்டும். சிரி!"

படம் எடுத்ததும் யுன்ஜங் குரலைத் தாழ்த்தினாள்.

"அடுத்த சனிக்கிழமையிலேர்ந்து அம்மாவுக்கு ஓட்டல்ல பாத்திரம் கழுவுற வேலை. சியோல்ல தனியாக் கிடக்குற அப்பாவுக்குத் தெரிஞ்சா, சோயுலுக்கு அங்க படிப்பும் வேணாம் ஒண்ணும் வேணாம், கிளம்பி வாங்கன்னுடுவார். இன்னைக்கு எடுத்ததுலேர்ந்து வாரம் ஒரு படம் போனா, நாம ஜாலியா ஊர் சுத்துறோம்னு நிம்மதியா இருப்பார்."

சோயுல் கைபேசியை வாங்கி, அப்பா வாராவாரம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலிருந்து அனுப்பியிருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினாள்.

"அப்பாவும் வாராவாரம் சட்டையை மாத்தியிருக்காரும்மா. ஆனா மேஜையில கடிச்சு வச்ச அதே ஆப்பிள், ஒரு மாசமா கறுக்கவே இல்ல."